ஆல்வினுக்கு ஒன்றுமில்லை

1

இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேலூரில் ஒரு மருத்துவமனை. என் தைராய்டு ரிப்போர்ட்டை வாங்கப் போயிருந்தேன். பதிவு கவுன்ட்டரில் எனக்கு முன்னால் ஓர் அம்மாவும் பையனும் நின்றார்கள். பையன் அம்மாவைவிட ஒரு சாண் உயரம். அந்த உயரத்தை எங்கேயாவது கழற்றி வைத்துவிட்டு வந்தால் தேவலை என்பதுபோல முதுகை வளைத்திருந்தான்.

"பையனுக்கு இன்னா பண்ணுது?" என்று கேட்டார் கவுன்ட்டரில் இருந்த பெண்.

"ஒண்ணும் பண்ணல."

"அப்ப எதுக்கும்மா வந்துருக்கீங்க?"

"ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சிக்கலாம்னு."

கவுன்ட்டர் பெண் சிரிக்கவில்லை, நல்ல மாதிரி. கம்ப்யூட்டரைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார். குழந்தைகள் பிரிவுக்கு அனுப்பினால் அங்கே சுவரில் யானையும் முயலும் இருக்கும். பெரியவர்கள் பிரிவில் ஆளுக்கொரு சர்க்கரையோ ரத்த அழுத்தமோ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒன்றுமில்லாத ஒரு பதினைந்து வயதை எந்த வரிசையில் நிறுத்துவது? அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் திரும்பி வந்தபோது அவர்கள் அங்கே இல்லை.

எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் போட்டது. (அந்த அம்மா இதைப் படிக்க நேர்ந்தால்: உங்கள் பையனைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. இவன் வேறு பையன்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"ஆல்வின் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு சட்டையின் மேல் பொத்தானை"

அந்த வாக்கியம் அங்கேயே நிற்கிறது. பொத்தானைப் போடப்போகிறானா கழற்றப்போகிறானா என்று நான் முடிவுசெய்வதற்குள், நான் பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தான். எழுதுகிறவளுக்கு எல்லா அறைக்கும் சாவி உண்டு என்று சொல்வார்கள். அந்த அறையிலிருந்து நான் மன்னிப்புக்கூடக் கேட்காமல் வெளியே வந்தேன்.

இரண்டாவது தொடக்கம் கட்டுரையாகிவிட்டது:

"நம் வீடுகளில் ஒரு பெண்பிள்ளை வளரும்போது அவள் உடம்பைப் பற்றிக் கேட்க நாலு பேர் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஆஸ்பத்திரி சிஸ்டர் வந்து பெண்பிள்ளைகளை மட்டும் ஒரு வகுப்பில் உட்காரவைத்துப் பேசுவார். அந்த நேரத்தில் பையன்களைக் கிரவுண்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பையன் டாக்டரைப் பார்ப்பது கை ஒடிந்தால், மண்டை உடைந்தால், காய்ச்சல் இறங்காவிட்டால். மற்றபடி அவன் வளர்வதற்கு நாம் செய்யும் ஒரே மருத்துவம், பேண்ட்டை ஒரு சைஸ் பெரியதாக வாங்குவது. இதற்குக் காரணங்கள் பல. முதலாவது"

முதலாவது என்று எழுதியவுடன் எனக்கே மைக் முன்னால் நிற்பது போல இருந்தது. சொன்னது எதுவும் பொய் இல்லை. ஆனால் அந்தப் பத்தியில் யாரும் மூச்சு விடவில்லை.

மூன்றாவது தொடக்கத்தில் அம்மா வந்தாள். அவள் கதவைத் திறந்தே வைத்திருந்தாள். உள்ளே போய் உட்கார்ந்தேன்.

3

பொன்மலரின் வேலை, தைத்து முடித்த ஷூவுக்குள் கைவிட்டுப் பார்ப்பது.

ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனி. கடைசிச் சோதனை மேஜை அவளுடையது. உள்துணி எங்காவது மடங்கியிருக்கிறதா, பசை கட்டி நிற்கிறதா, ஆணி முனை துருத்துகிறதா. கண்ணுக்குத் தப்புவது விரலுக்குத் தப்பாது. பார்க்கவே போகாத ஏதோ ஒரு ஊரில், பார்க்கவே போகாத யாரோ ஒருவர் காலில் கொப்புளம் வந்துவிடக் கூடாது என்று நாள் முழுக்கத் தடவித் தடவிப் பார்ப்பாள். காலையில் ஜோலார்பேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் கம்பெனி பஸ் ஏற்றிக்கொள்ளும், சாயங்காலம் இறக்கிவிடும். இறங்கியதும் முதல் வேலை, கொடியில் காய்ந்த துணியை எடுப்பது.

அங்கேதான் அவளுக்கு முதலில் உறுத்தியது. மகன் ஆல்வினின் பனியன் தினமும் இரண்டு காய்ந்தது. மே மாதம். ஜோலார்பேட்டையில் தண்டவாளம் கொதிக்கிற மாதம். மனிதர்கள் ஒரு பனியனையே கழற்றி எறியும்போது இவன் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு, அதன் மேல் சட்டையும் போட்டுக்கொள்கிறான்.

கிரவுண்டுக்கும் போவதில்லை. பத்தாவது முடித்த லீவு. போன வருஷம்வரை ரயில்வே கிரவுண்டில் இருட்டுகிறவரை கோல் காத்தவன், விளக்கு வைத்த பிறகு தங்கை ரெனிட்டா போய்க் கத்தினால்தான் வருவான். ஜூன் மாதம் வேலூரில் ஒரு ஸ்கூலில் ஃபுட்பால் செலக்‌ஷன். எடுத்துக்கொண்டால் ப்ளஸ் ஒன்னுக்கு அங்கேயே ஹாஸ்டல். பி.டி. சார் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். ஆல்வின் போகமாட்டேன் என்கிறான்.

மதியச் சாப்பாட்டில் பக்கத்து மேஜை அஃப்ரோஸிடம் சொன்னாள்.

"கிரவுண்டு பக்கமே போறதில்ல அஃப்ரோஸு. கேட்டா ப்ளஸ் ஒன்னுக்குப் படிக்கிறேன்றான்."

"படிச்சா நல்லதுதானே க்கா. எங்க வீட்ல ஒருத்தன் படிக்கலன்னுதான் ரோதனை."

"படிக்கல. புக்கத் தூக்கி நெஞ்சுக்குக் குறுக்கால வெச்சிக்கினு உக்காந்துருக்கான்."

"அப்ப லவ்வு."

"லவ்வு பண்றவன் தலையாவது வாருவான். இவன் குளிக்கப் போனா தாப்பாள ரெண்டு வாட்டி இழுத்துப் பாக்குறான்."

அஃப்ரோஸ் முட்டையை இரண்டாக்கிப் பாதியைப் பொன்மலரின் டப்பாவில் வைத்தாள். "டாக்டராண்ட இட்டுக்கினு போ."

"இன்னான்னு சொல்றது? காய்ச்சல் இல்ல, இருமல் இல்ல."

"உன் பொண்ணு வயசுக்கு வந்தப்போ ஒண்ணுமில்லாமலே எத்தினி வாட்டி லீவு போட்ட?"

"அது பொண்ணு."

"இவன் மட்டும் இன்னா, ஷூவா? நீயே கையவுட்டுப் பாத்துக்குறதுக்கு?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்து அஃப்ரோஸ் சொன்னாள்: வேலூர் சத்துவாச்சாரியில் தமிழ்வேந்தன் என்று ஒரு டாக்டர், சின்ன வயசு, தன் அண்ணன் மகன் தபரேஸ் வீட்டில் யாரிடமும் வாயைத் திறக்காதவன், அவரிடம் போய் மணிக்கணக்கில் பேசிவிட்டு வருகிறான்.

[வாசகருக்கு மட்டும், பொன்மலருக்குக் கேட்காமல்: அவனுக்கு என்னவென்று நீங்கள் இப்போதே தெரிந்துகொள்ளலாம். என் முதல் பிரதியில் அவன் இதயத்தில் ஓட்டை போட்டிருந்தேன். இரண்டாவதில் ரத்தத்தில் ஏதோ ஒன்று. கதைக்குக் கனம் வேண்டாமா? அதற்குள் அவன் எனக்குப் பழகிவிட்டான். குனிந்துகொண்டே சாப்பிடும் ஒரு பையனுக்கு அவ்வளவு பெரிதாக எதையும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எழுதிய இரண்டையும் அடித்துவிட்டுச் சின்னதாக ஒன்றைக் கொடுத்தேன். அவன் மார்பு இரண்டு பக்கமும் கொஞ்சம் கட்டிக்கொண்டு வீங்கியிருக்கிறது. வளரும் வயதில் நிறையப் பையன்களுக்கு வருவது, பெரும்பாலும் தானே வடிந்துபோவது. ஒரு டாக்டர் ஒரு நிமிஷம் பார்த்து, 'இது சகஜம்டா' என்று சொல்லிவிடக்கூடியது. அந்த ஒரு நிமிஷம் கிடைக்காததால் அவன் தன்னை ஊரில் இல்லாத ஒரு விபரீதம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். ரயில்வே கிரவுண்டில் இரண்டு டீமுக்கும் வேறு வேறு ஜெர்சி கிடையாது. ஒரு டீம் சட்டை போட்டிருக்கும், இன்னொரு டீம் சட்டையைக் கழற்றிவிடும். எந்த டீம் என்பது டாஸ் போட்டு முடிவாகும். அவன் ஏன் போவதில்லை என்று இப்போது உங்களுக்குத் தெரியும். உயிருக்கு ஆபத்து இல்லையே, இதில் என்ன கதை என்று கேட்கிறவர்கள் அடுத்த பகுதிக்கு வர வேண்டியதில்லை.]

4

வந்துவிட்டீர்கள். நல்லது. இனி அப்பா.

ஜெபசீலன் கூட்ஸ் வண்டி ஓட்டுகிறார். அவரைக் கண்டிப்பான அப்பாவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கதைக்கு அது வசதி. ஆனால் டூட்டி முடிந்து வந்து, ஷூவைக் கழற்றுமுன் பிள்ளைகள் இரண்டும் தூங்கும் அறையை எட்டிப் பார்த்துவிட்டு வரும் ஆளை எப்படிக் கண்டிப்பாக்குவது?

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ரயில்வேயில் குறிப்பிட்ட வருஷங்களுக்கு ஒரு முறை மெடிக்கல் உண்டு. கண், காது, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்ப்பார்கள். ஏதாவது சரியில்லை என்றால் வண்டியிலிருந்து இறக்கி ஆபீஸில் உட்காரவைத்துவிடுவார்கள். அவருடைய சிநேகிதர் சின்னசாமி அப்படித்தான் இறங்கினார். சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் இப்போதும் வண்டி கடந்து போகும்போது சின்னசாமி தலை நிமிர்த்திப் பார்ப்பதில்லை.

அதனால் மெடிக்கல் வருகிற மாதம் அந்த வீடே மெடிக்கலுக்குப் போகும். உப்பு குறையும். அப்பளம் பரணுக்குப் போகும்.* டி.வி. சத்தம் கம்மியாகும். மார்க் ஷீட்டைக் காட்டக் கூடாது, கரண்ட் பில்லைப் பற்றிப் பேசக் கூடாது, ரெனிட்டாவும் ஆல்வினும் அடித்துக்கொள்வதாக இருந்தால் மொட்டை மாடிக்குப் போய்ச் சத்தமில்லாமல் அடித்துக்கொள்ள வேண்டும். அப்பாவின் பிரஷர் ஏறிவிடும். நாள் வந்ததும் நால்வரும் முழங்கால் போட்டு ஜெபம் செய்வார்கள். பாஸ் ஆகிவிட்டால் அன்று சாயங்காலம் ஆம்பூரிலிருந்து பிரியாணி, ஒரு மாதத்து உப்பையும் ஒரே நாளில் சாப்பிடுவதுபோல.

(* ஊறுகாய்? அதை ஜெபசீலனே தன் கையால் பூட்டி, சாவியைப் பொன்மலரிடம் கொடுத்து, எங்கே வைத்தாய் என்று தன்னிடம் சொல்லாதே என்பார்.)

பிள்ளைகள் இரண்டும் இதில்தான் வளர்ந்தன. டாக்டர் என்பவர் பாஸோ ஃபெயிலோ போடுகிறவர். உடம்பு என்பது அவருக்கு முன்னால் நல்ல பெயர் வாங்க வேண்டிய ஒன்று.

எனவே ஆல்வினை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று பொன்மலர் சொன்னதும் ஜெபசீலன் உற்சாகமாகிவிட்டார்.

"மெடிக்கலா? என்கிட்ட வுடு மலரு. சர்வீஸ் பூரா பாஸ் பண்ணிக்கினு வர்றவன் நான்."

ஞாயிற்றுக்கிழமை, கோயில் விட்டு வந்த பிறகு, கூடத்தில் ஆல்வினை எதிரே உட்காரவைத்தார். பொன்மலர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் டாக்டர். தூக்கம் எப்படி?"

"நல்லா தூங்குறேன் சார்."

"பசி?"

"நார்மல் சார்."

"வெரி குட். கேட்டதுக்கு மட்டும் பதில். கேக்காததுக்கு வாயத் தொறக்கக் கூடாது. வேற எதுனா தொந்தரவு இருக்கா?"

ஆல்வினின் உதடு கொஞ்சம் பிரிந்தது.

"யோசிக்காத! யோசிச்சா டவுட்டு வந்துடும் அவங்களுக்கு. வேற எதுனா?"

"ஒண்ணும் இல்ல சார்."

"சபாஷ்டா!"

"மூச்சு விடலாமாப்பா? இல்ல அதுவும் கேட்டாத்தானா?" என்றாள் ரெனிட்டா. வீடு சிரித்தது. ஆல்வினும் சிரித்தான். பொன்மலரின் கத்தி மட்டும் ஒரு பீன்ஸின் நடுவில் நின்றுவிட்டது. மடிப்பு. அந்தப் பிரிந்த உதட்டில், ஷூவுக்குள் தட்டுப்படுவதுபோல, அவள் விரல் ஒரு மடிப்பைத் தொட்டது; பிடிப்பதற்குள் வழுக்கிப்போனது.

5

சத்துவாச்சாரிக்கு மூன்று பேரும் போனார்கள். உள்ளேயும் மூன்று பேரும் போனார்கள். வேறு எப்படிப் போவது? பிள்ளையை டாக்டரிடம் காட்டுவது என்றால் காட்டுகிறவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டாமா?

ஆல்வினுக்கு ஓர் அண்ணன் இருந்திருந்தால் டாக்டர் தமிழ்வேந்தன் வயதுதான் இருக்கும். "சொல்லு தம்பி" என்றார்.

"ஒண்ணும் இல்ல சார்" என்றான் தம்பி, கேள்வி வருவதற்கு முன்பே.

"சாப்பாடெல்லாம்?"

"நல்லா சாப்புடுவான் டாக்டர், காய்தான் ஒதுக்குவான்." இது பொன்மலர்.

"தூக்கம்?"

"படுத்தா இடி விழுந்தாலும் எழுந்துக்கமாட்டான்." இதுவும் பொன்மலர்.

"விளையாடுவியா?"

"கோல் கீப்பர் சார்!" இது ஜெபசீலன். "எக்ஸாமுக்காக வுட்டவன், இன்னும் ஆரம்பிக்கல."

உயரம், எடை, ரத்த அழுத்தம் பார்த்தார்கள். ரத்த அழுத்தத்தின் எண்ணைக் கேட்டு ஜெபசீலன் மகனின் தோளைத் தட்டினார். தன்னுடையதைவிட அருமையான எண். "சட்டையக் கொஞ்சம் கழட்டு தம்பி" என்றார் டாக்டர்.

ஆல்வின் அசையவில்லை. அம்மாவைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், கடைசியில் மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தான். அவன் காதுமடல் சிவப்பதைப் பொன்மலர் பார்த்தாள்.

"கூச்சப்படுறான் டாக்டர்" என்று சிரித்தார் ஜெபசீலன். "அவனுக்கு ஒண்ணும் இல்ல."

வெளியே கூட்டம் இருந்தது. ஒரு குழந்தை விடாமல் அழுதது. டாக்டர் ஒரு கணம் தயங்கிவிட்டு, சட்டைக்கு மேலேயே ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். ஒரு சட்டை, இரண்டு பனியன், அவற்றுக்கு அடியில் எங்கேயோ ஆல்வினின் இதயம். கேட்டதா என்று தெரியவில்லை. கேட்டது என்பதாகத் தலையாட்டினார்.

"நல்லாருக்கான். தோணுறப்ப வா தம்பி, தனியா வந்தாலும் பரவால்ல" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை யாரும் எடுத்துக்கொண்டு வரவில்லை. நாற்காலியிலேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

"பாஸ்!" என்றார் ஜெபசீலன் படி இறங்கும்போது. திரும்பும் வழியில் ஆம்பூரில் இறங்கிப் பிரியாணி வாங்கினார்கள்.

6

இந்த இடத்தில் கதையை முடித்துவிடலாம். குடும்பம் வட்டமாக உட்கார்ந்திருக்கிறது, நடுவில் பிரியாணி, கத்தரிக்காய்த் தொக்கு, வெங்காயப் பச்சடி. பையனுக்கு ஒன்றுமில்லை. தலைப்புக்கும் பொருத்தம். இப்படி முடிகிற வீடுகள்தான் நம் பக்கத்தில் ஜாஸ்தி. அங்கே எல்லாரும் எல்லாரையும் நேசிக்கவும் செய்கிறார்கள்.

முடித்தும் பார்த்தேன். "ஆல்வின் இன்னொரு துண்டு கறியை எடுத்துத் தங்கையின் தட்டில்"

மறுநாள் கொடியில் மறுபடி இரண்டு பனியன்.

பொன்மலர் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் ரெனிட்டா வந்து கிளிப்புகளைப் பொறுக்கினாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. வாய்க்கு இருபது.

"டாக்டரே நல்லாருக்கான்னுட்டாரு" என்றாள் பொன்மலர், யாரிடம் என்றில்லாமல்.

"நீ நல்லாருக்கேன்னு சொல்லிருப்பாரு. பதில் சொன்னது நீதானே. அப்பா வந்து எல்லாத்தையும் நடிச்சிக் காட்டுச்சி."

"வாய் ரொம்ப நீளுது உனக்கு."

"என்னைக் கூட்டிக்கினு போனப்ப இன்னா பண்ணாங்க? டாக்டரம்மா அப்பாவ வெளிய அனுப்பிட்டாங்க. அப்புறம் உன்னையும் தண்ணி கொண்டாரச் சொல்லி அனுப்பிட்டாங்க. தண்ணி அங்கயேதான் இருந்திச்சி. அப்பத்தான் நான் கேக்கணும்னு இருந்ததெல்லாம் கேட்டேன்."

"இன்னா கேட்ட?"

"அத உன்கிட்ட சொல்றதுன்னா உன்ன ஏம்மா அனுப்பப் போறாங்க?" கிளிப்பை எல்லாம் பனியன் மேல் கொட்டினாள். "அண்ணன யாரு கேட்டாங்க? ஸ்கூல்ல எங்களுக்கு சிஸ்டர் வர்றப்ப அவங்கள வெளாடத்தான் தொரத்துவாங்க. நீ உள்ள உக்காந்துக்கினு இருந்தா அவன் எப்படிப் பேசுவான்?"

பொன்மலர் கிளிப்புகளைப் பனியனோடு சேர்த்துச் சுருட்டினாள். அவன் பிறந்தபோது அந்த உடம்பில் அவளுக்குத் தெரியாத இடம் என்று ஒன்று இல்லை. தொடை மடிப்பில் பவுடர் போட்டவள். காதுக்குப் பின்னால் அழுக்கெடுத்தவள். எந்த நாளிலிருந்து தெரியாமல் போனது என்று யோசித்தாள். பெண்ணுக்கு அப்படி ஒரு நாள் உண்டு. மாமன் வருவார், புடவை வரும், ஊருக்கே சொல்வார்கள். பையனுக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. ஒருநாள் குளியலறைத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

தன்னை வெளியே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது அவளுக்குப் புரிந்தது. எனக்கும். ஆனால் நாள் முழுக்க உள்ளே கைவிட்டுப் பார்த்தே சம்பளம் வாங்குகிறவளுக்கு, பார்க்காமல் இரு என்று சொன்னால் கையை எங்கே வைத்துக்கொள்வாள்?

7

"பாஸான மெடிக்கல மறுபடி எவனாவது எழுதுவானா?" என்றார் ஜெபசீலன்.

"எழுதுறதுக்கு இது பரீட்ச இல்லீங்க."

"அப்ப நான் கத்துக்குடுத்தது தப்பா?"

"உங்களுக்கு அது சரி. நீங்க ஃபெயிலானா வண்டி நிக்கும். இவன் ஃபெயிலானா எந்த வண்டி நிக்கப்போவுது?"

ஜெபசீலன் இதுவரை அப்படி யோசித்ததில்லை. தோற்றாலும் எதுவும் போகாத ஒரு மெடிக்கல் இருக்க முடியும் என்பதே அவருக்குப் புதிது. அப்படி ஒன்றுக்கு அவர் வாழ்க்கையில் ஒருமுறையும் போனதில்லை.

[இங்கே ஒரு பத்தி இருந்தது. ஜெபசீலனுக்கும் அந்த வயதில் அதேபோல இருந்ததாகவும், வாணியம்பாடியில் ஒரு கிணற்றில் சட்டையோடு குளித்ததற்காகப் பையன்கள் கேலி செய்ததாகவும், அதை இப்போது மனைவியிடம் சொல்லிக் கண் கலங்குவதாகவும் எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. ஆனால் அதை எழுதியது ஜெபசீலன் அல்ல, நான். அவர் வாயிலிருந்து எடுத்துவிட்டேன். இருந்திருக்கலாம். அவர் சொல்லவில்லை.]

"உனக்கு பயமா இருக்கா மலரு?" என்று மட்டும் கேட்டார்.

"இருக்கு. செலக்‌ஷன் போகலன்னா போவுது. அவன் இப்படியே குனிஞ்சிக்கினே இருந்துட்டான்னா?"

செவ்வாய்க்கிழமை ஜெபசீலனுக்குப் பகல் டூட்டி. பொன்மலர் லீவு சொல்லியிருந்தாள். அவர் தம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் குனிந்து ஷூ கட்டினார். ஆல்வின் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினான். பாட்டிலை வாங்கிக்கொண்டு, ஷூ கயிற்றைப் பார்த்தபடியே சொன்னார்:

"டேய். அன்னைக்கு நான் சொன்னத வுட்டுடு."

"எதப்பா?"

"கேக்காததையும் சொல்லு."

கயிற்றில் முடிச்சுப் போட்டு முடித்துவிட்டார். இருந்தும் எழுந்திருக்கவில்லை. "பாஸ் ஆவணும்னு இல்ல. எப்படின்னாலும் பிரியாணி வாங்கிடலாம்." எழுந்து, திரும்பிப் பார்க்காமல், ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

8

சத்துவாச்சாரி கிளினிக். காலை நேரம், கூட்டம் கம்மி. சுவரில் ஒரு காலண்டர், மூலையில் தண்ணீர்க் கேன், நீளமாக ஒரு மர பெஞ்சு. பெயர் கூப்பிட்டதும் இரண்டு பேரும் எழுந்தார்கள். கதவு வரை சேர்ந்தே நடந்தார்கள்.

கதவில் பொன்மலர் நின்றாள்.

"நீ போ."

ஆல்வின் புரியாமல் பார்த்தான். "நீ?"

"நான் இங்க இருக்கேன்."

"டாக்டர் எதுனா கேட்டா?"

"உன்னைத்தானே கேப்பாரு."

அவன் அங்கேயே நின்றான். அவள் கை தானாக அவன் காலரைச் சரிசெய்யப் போனது. பாதி வழியில் அதைத் திரும்ப அழைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து தமிழ்வேந்தன் எட்டிப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார், அவள் நின்ற இடத்தைப் பார்த்தார். "வா தம்பி" என்றார், வேறு எதுவும் சொல்லாமல்.

ஆல்வின் உள்ளே போனான். கதவைச் சாத்தியது அவன்தான். தாழ்ப்பாள் விழுந்தது. வீட்டில் கேட்கும் அதே சத்தம். ஆனால் அங்கே அவன் தனியாக உள்ளே இருப்பான். இங்கே கூட ஒருவர் இருக்கிறார்.

பொன்மலர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்தாள். அவள் விரல்கள் பைக்குள் போய் உள்துணியின் தையலைத் தடவ ஆரம்பித்தன, ஓர் ஓரத்திலிருந்து இன்னோர் ஓரத்துக்கு.

நான் எழுந்து கதவருகே போனேன். எழுதுகிறவள்தானே, உள்ளே போகலாம். மூன்று முடிவுகள் கையில் இருந்தன. ஒன்றில், அவன் மேல் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து வெளியே வருகிறான், சாயங்காலம் கிரவுண்டில் டாஸில் தோற்றுச் சட்டையைக் கழற்றுகிறான். இது எனக்குப் பிடித்த முடிவு, அதனால்தான் இதை நம்ப முடியவில்லை. இன்னொன்றில், அவன் "ஒண்ணும் இல்ல சார்" என்று சொல்லிவிட்டு வருகிறான். டாக்டர் அடுத்த மாதம் வரச் சொல்கிறார். அதற்கடுத்த மாதமும் பெஞ்சில் பொன்மலர் இருக்கிறாள். மூன்றாவதில் டாக்டர் தவறான இடத்தில் சிரித்துவிடுகிறார். அப்படியும் நடக்கிறது. எழுதினேன், ஆனால் அதை ஆல்வினுக்குக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

கைப்பிடியில் கை வைத்தபோதுதான் கண்ணாடியில் என்னைப் பார்த்த அந்த முகம் ஞாபகம் வந்தது. அந்த அறையில் அவனுக்குக் கிடைத்திருக்கும் ஒரே மருந்து, அங்கே நாங்கள் இல்லை என்பது. அம்மா கஷ்டப்பட்டுக் கொடுத்ததை நான் போய்க் கெடுக்கக் கூடாது. திரும்பி வந்து பொன்மலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

உள்ளே நாற்காலி ஒன்று நகர்ந்தது. ஒரு குரல் ஏதோ கேட்டது. பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. மின்விசிறி மட்டும். பொன்மலரின் விரல் பைக்குள் ஓரிடத்தில் நின்றது. தலையைக் கொஞ்சம் சாய்த்தாள், பிறகு ஒட்டுக்கேட்பது தப்பு என்பதுபோல நிமிர்ந்துகொண்டாள்.

அப்போது இன்னொரு குரல், உடைந்து ஏறி இறங்கும் பதினைந்து வயதுக் குரல், பேச ஆரம்பித்தது. சொற்கள் கேட்கவில்லை. நின்றது. மறுபடி ஆரம்பித்தது.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது ஒருகாலத்தில் அந்தக் குரல் இருந்திருந்தால், கொதிக்கும் வெயிலில் தேவைக்கு மேல் துணி போட்ட ஞாபகமும் இருந்தால், நீங்கள் உள்ளே போகலாம். அவன் எந்தச் சொல்லில் தடுக்கி நிற்கிறான் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். நானும் பொன்மலரும் இங்கே பெஞ்சில் இருக்கிறோம்.

போனால், கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.